எடை ஒன்று, வெள்ளி இரண்டு

எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோன மாதத்தில்தான் மகனுக்கு ரியூஷன் காசும் கட்ட வேண்டியிருந்தது. கையில் இருந்தது போதவில்லை. அம்மம்மாவின் றங்குப்பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. அதற்குள் ஒரு பிஸ்கட் தகரத்தில் பழைய வெள்ளிக் காசுகள் கிடந்தன. மேலே கிடந்த ஏழு ரூபாக் காசுகளை ஒரு கைக்குட்டையில் முடிந்துகொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். இந்தக் கதையில் நான் செய்த முதல் பிழை, மேலே கிடந்ததை எடுத்தது.

நகைக்கடைக்காரர் ஏழையும் ஒன்றாகத் தராசில் போட்டார். 81 கிராமுக்குச் சற்று மேலே காட்டியது. ஒன்றின் விளிம்பை அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். "தங்கச்சி, இதெல்லாம் அரைவெள்ளி. பாதிக்குப் பாதி செம்பு" என்றார். 40 கிராம் வெள்ளிக்குக் கணக்குப் போட்டு, அதிலும் உருக்குச் சேதம் என்று கொஞ்சம் கழித்துக்கொண்டு, காசை எண்ணித் தந்தார். பற்றுச்சீட்டு தரவில்லை, நானும் கேட்கவில்லை. மோட்டார் திருத்தியாயிற்று.

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் எரிச்சல். அவர் அரத்தைப் போட்ட காசு உண்மையிலேயே அரைவெள்ளிதான், ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை போட்ட 1944ஆம் ஆண்டுக் காசு. இன்னொன்றும் அதே ரகம். மற்ற ஐந்தில் இரண்டு விக்டோரியா, ஒன்று ஏழாம் எட்வேர்ட், இரண்டு ஐந்தாம் ஜோர்ஜ். அந்த ஐந்தும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைப் பங்கு வெள்ளி. கடைக்குப் போகமுன் கைக்குட்டையில் வைத்து மகன் போனில் ஒரு படம் எடுத்திருந்தான். இது எனக்குத் தெரிந்ததே சில வாரம் கழித்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான். ஏழிலும் சேர்த்து ஏறக்குறைய 65 கிராம் தூய வெள்ளி இருந்தது. நான் 40 கிராமுக்கு விற்றுவிட்டு வந்திருக்கிறேன்.

ஏன் இப்படி ஏமாறுகிறோம் என்றால், இந்தக் காசுகள் எல்லாம் ஒரே எடை, ஒரே அகலம். 1835இல் கிழக்கிந்தியக் கம்பனி இந்தியா முழுவதற்கும் ஒரே ரூபாவைக் கொண்டுவந்தபோது வைத்த எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா, 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. விக்டோரியா, எட்வேர்ட், ஐந்தாம் ஜோர்ஜ் என்று தலை மாறினாலும் இந்தக் கணக்கு மாறவில்லை. ஆறாம் ஜோர்ஜின் 1938, 1939 காசு வரை இதே தரம்தான். பிறகு யுத்தம் வந்து வெள்ளி தட்டுப்பட்டது. 1940 முதல் 1945 வரை அடித்த ரூபாவில் பாதிதான் வெள்ளி, மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். எடையை மட்டும் அதே 11.66 கிராமில் விட்டுவைத்தார்கள். 1947இல் அடித்த ரூபாவில் அதுவும் இல்லை, வெறும் நிக்கல். ஆக, தராசில் ஒன்றாகக் கொட்டினால் எல்லாம் ஒரே காசுதான். கடைக்காரர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் கணக்கும் சாயும்.

இந்திய ரூபா திருகோணமலையில் ஒரு வீட்டுப் பெட்டியில் எப்படி என்று மகன் கேட்டான். நியாயமான கேள்வி. இலங்கையில் 1872இல் ரூபா, சதக் கணக்கு நடைமுறைக்கு வந்தது. சதக் காசுகளை இலங்கைக்கென்று தனியாக அடித்தார்கள். ஒரு ரூபாவுக்கோ இந்திய வெள்ளி ரூபாவே புழக்கத்தில் இருந்தது. இலங்கை என்று பெயர் போட்ட ஒரு ரூபா நாணயம் முதலில் வந்தது 1957இல், புத்த ஜயந்திக்கு. அதனால் இங்கே எந்தப் பழைய வீட்டில் தேடினாலும் இரண்டு வகையும் கலந்துதான் கிடைக்கும்.

எங்கள் தகரத்தில் மூன்றாவது வகை ஒன்றும் இருந்தது. அம்மப்பா டொக்யாட்டில் வேலை செய்தவர். திருகோணமலைத் துறைமுகம் 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்தது. கப்பல்காரர்கள் சாராயத்துக்கும் கோழிக்கும் மீனுக்கும் சட்டைப்பையில் எது இருந்ததோ அதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்: பிளோரின், அரைக்கிரவுண், ஷில்லிங், சிங்கம் போட்ட கிழக்கு ஆபிரிக்க ஷில்லிங் கூட. இதை அம்மா ஒரு கதையாகச் சொல்வார். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்றும் அம்மப்பா சட்டைப்பையில் இரண்டு அரைக்கிரவுணோடு ஓடிவந்தாராம். எந்த இரண்டு என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தகரத்தில் ஒவ்வொரு அரைக்கிரவுணையும் அம்மா "இதுவாத்தான் இருக்கும்" என்று காட்டுவார். அதில் ஒன்று 1945ஆம் ஆண்டு அடித்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பிரித்தானியக் காசுகளுக்குக் கணக்கு லேசு. 1920க்கு முந்தியது என்றால் ஆயிரத்துக்கு 925 வெள்ளி. 1920 முதல் 1946 வரை பாதி. 1947இலிருந்து வெள்ளியே கிடையாது. அரைக்கிரவுண் 14.14 கிராம், பிளோரின் 11.31 கிராம். பிளோரின் ஏறக்குறைய ரூபாவின் எடை என்பதால் அவசரத்தில் ரூபாக் குவியலுக்குள் போய்விடும், பார்த்துப் பிரிக்க வேண்டும். கிழக்கு ஆபிரிக்க ஷில்லிங்கைக் கண்டு நான் முதலில் சந்தோஷப்பட்டேன். 1921 முதல் 1946 வரை அடித்த அந்தக் காசில் வெள்ளி கால் பங்குதான். சிங்கம் மட்டும் நல்ல கம்பீரம்.

சரி, விற்ற கதைக்கு வருகிறேன். விற்று முடிந்த பிறகுதான் எனக்குக் கணிதம் படிப்பித்த சேரைக் கோயில் வாசலில் கண்டேன். ஓய்வுபெற்று உப்புவெளிப் பக்கம் இருக்கிறார், காசு சேர்க்கிற பழக்கம் உள்ளவர். நடந்ததைச் சொன்னதும் அவர் என்னைத் திட்டவில்லை. "மிச்சத்தைத் தொடாமல் அப்படியே கொண்டு வா. முக்கியமாக, கழுவாமல் கொண்டு வா" என்றார்.

இரண்டாவது பகுதியைச் சொல்ல அவர் பிந்திவிட்டார். நான் வீட்டுக்குப் போன நேரம் அம்மா முற்றத்தில் குந்தியிருந்து, ஒரு சட்டியில் பழப்புளியைக் கரைத்து, விபூதியும் சாம்பலும் தொட்டு, குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரிப் பதினான்கு காசை மினுக்கி முடித்திருந்தார். "பார், புதுசு மாதிரி இருக்கு. இனி எவனும் அரைவெள்ளி எண்டு சொல்லேலாது" என்றார். பாவம், எனக்காகச் செய்தது. நான் ஒன்றும் பேசவில்லை.

1990இல் ஊரைவிட்டு ஓடினபோது அம்மம்மா அந்தத் தகரத்தைக் கோழிக்கூட்டுக்குக் கீழே புதைத்துவிட்டுப் போனவர். திரும்பிவந்து கிண்டியெடுத்தபோது காசெல்லாம் கன்னங்கரேல் என்று இருந்ததாம். அந்தக் கறுப்பு அழுக்கில்லை என்று சேர் எனக்கு விளங்கப்படுத்தினார். காற்றிலும் மண்ணிலும் உள்ள கந்தகம் வெள்ளியின் மேல் படிந்து மெல்லிய தோலாக இறுகுகிறது. காசு சேர்ப்பவர்கள் அந்தத் தோலைத்தான் விரும்புகிறார்கள். அது இருந்தால் காசை யாரும் கைவைக்கவில்லை என்று அர்த்தம். சாம்பல் போட்டுத் தேய்த்தால் தோல் போகும், கூடவே ராணியின் தலைமயிரிலும் கிரீடத்திலும் உள்ள நுண்ணிய கோடுகளும் போகும், கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கீறல் விழும். பிறகு எந்த வித்தையாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அந்தப் பதினான்கில் ஒன்று 1840ஆம் ஆண்டு விக்டோரியா, ஓரளவு நல்ல நிலையில் இருந்தது. சேர் அதை லென்ஸால் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். "இனி இது வெள்ளி விலைக்குத்தான்."

மண் ஒட்டியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். வெறும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் அலசி, மெல்லிய துணியில் ஒற்றி எடுப்பதோடு நிறுத்தச் சொன்னார். தேசிக்காய், பல்பொடி, வெள்ளி மினுக்குகிற திரவம் எதுவும் கூடாது. பீவீசி (PVC) பிளாஸ்டிக் உறைக்குள்ளும் போடக்கூடாது, அது நாளடைவில் பச்சைப் பிசினாகக் காசில் இறங்கும். நான் இப்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெள்ளைக் கடதாசியில் மடித்து, ஆண்டை வெளியே எழுதி வைத்திருக்கிறேன். காசைப் பிடிப்பதும் விளிம்பில்தான், முகத்தில் விரல் படாமல்.

அடுத்த நாள் சேர் வீட்டு விறாந்தையில் பிரித்தோம். முதலில் தலை, பிறகு ஆண்டு. 1835 என்றால் நான்காம் வில்லியம், வெறுந்தலை. 1840இல் இளம் விக்டோரியா, அவருக்கும் கிரீடம் இல்லை, பின்பக்கம் கம்பனியின் பெயர் இருக்கும். 1862இல் கிரீடம் வைத்த ராணி. 1877இலிருந்து பெயரோடு பேரரசி என்ற பட்டம் சேரும். எட்வேர்டை அம்மாவின் பாஷையில் "மொட்டைத்தலை ராசா" என்றால் யாருக்கும் அடையாளம் தெரியும், அவரை ரூபாவில் கிரீடம் இல்லாமல்தான் போட்டார்கள். ஐந்தாம் ஜோர்ஜ் தாடியும் கிரீடமும் மேலங்கியும். ஆறாம் ஜோர்ஜ் தாடி மழித்த முகம், கிரீடம். தாடி இல்லாத, கிரீடம் வைத்த ஆம்பிளையைக் கண்டால் உடனே ஆண்டைப் பார்க்க வேண்டும். அங்கேதான் வெள்ளி பாதியாகும்.

ஆண்டு தேய்ந்துபோயிருந்தால் விளிம்பைப் பார்க்கலாம். முழுவெள்ளி ரூபாவின் விளிம்பில் வரிகள் நேராக மேலிருந்து கீழே ஓடும். யுத்தகால அரைவெள்ளி ரூபாக்களில் பெரும்பாலானவற்றின் விளிம்பில், வரிகளுக்கு நடுவே வட்டமாக ஒரு பள்ளம் ஓடி, அதற்குள் சின்ன வேலைப்பாடு இருக்கும். கள்ளக்காசு அடிப்பவர்களைத் தடுக்கச் செய்தது. நகத்தை வைத்துப் பார்த்தாலே தடக்கும். கடைக்காரரின் மேசையில் அன்று நான் நகத்தை வைத்திருந்தால் ஐந்தும் இரண்டும் பிரிந்திருக்கும்.

ஐந்தாம் ஜோர்ஜைப் பற்றி ஒரு இடைக்கதை. 1911ஆம் ஆண்டுக் காசில் அவரது மேலங்கியில் ஒரு யானை உண்டு. தும்பிக்கை கட்டையாக இருந்ததால் அது பன்றி போலத் தெரிந்தது. சனம் முகம் சுளிக்க, 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். அதனால் 1911க்குச் சேர்ப்பவர்களிடம் தனி மதிப்பு. எங்களிடம் 1911 இல்லை. 1918உம் 1919உம் 1920உம் தான் கைநிறைய. அந்த ஆண்டுகளில் இந்தியாவில் வெள்ளி தட்டுப்பட்டு, அமெரிக்கா தன் வெள்ளி டொலர்களைக் கோடிக்கணக்கில் உருக்கி விற்றது, அந்த வெள்ளி ரூபாவாக வந்தது. கோழிக்கூட்டுக்குக் கீழே கிடந்த காசுக்குள் அமெரிக்க வெள்ளி இருக்கலாம் என்பது எனக்குப் பிடித்த எண்ணம். விலைக்கு அதனால் ஒரு சதமும் கூடாது.

பழசு என்றால் விலை கூட என்று நானும் நம்பிக்கொண்டிருந்தவள்தான். 1862 என்று போட்ட காசை எடுத்து ஏதோ புதையல் போலப் பார்த்தேன். சேர் சிரித்தார். அந்த ஆண்டை மாற்றாமலே அதற்குப் பிறகும் ஒரு பத்து வருஷத்துக்கு மேல் அடித்துத் தள்ளினார்களாம், 1840உம் அப்படியே. எங்கும் கிடைக்கும். அதே நேரம், வயதில் இளையதான 1939 முழுவெள்ளி ரூபா அரிது. அரிது என்பதால்தான் அதில் கள்ளமும் அதிகம், கடைசி இலக்கத்தைச் செதுக்கி ஒன்பதாக்கி வைத்திருப்பார்கள். 1939 என்று யாராவது நீட்டினால் லென்ஸ் இல்லாமல் கையில் வாங்கவே கூடாது.

இலங்கைச் சதக் காசுகளுக்கு வேறு கணக்கு. 1892இல் தொடங்கி 10, 25, 50 சதங்களை வெள்ளியில் அடித்தார்கள். ஒரு பக்கம் அரச தலை, மறுபக்கம் தாளிப்பனை, கூடவே சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பு. தமிழ் எழுத்து இருப்பதால் இவற்றைக் கண்டவுடன் அடையாளம் பிடிக்கலாம். 50 சதம் 5.83 கிராம், 25 சதம் 2.92, 10 சதம் 1.17. முதல் உலக யுத்தம் முடியும்வரை நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி, 1919இலிருந்து ஐம்பத்தைந்துதான். எங்களிடம் ஒரு 1917 ஐம்பது சதமும் ஒரு 1922 ஐம்பது சதமும் இருந்தன. பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போல. முதலாவதில் தூய வெள்ளி 4.67 கிராம், மற்றதில் 3.21. 1943 தொடக்கம் 50 சதம் மஞ்சள் நிறத்துக்கு மாறிவிட்டது, அதைப் பிரிக்க யாரும் தேவையில்லை.

இனித் தண்ணீர்ச் சோதனை. இதற்காகவே சேருக்கு நன்றி சொல்ல வேண்டும். காந்தம் பிடித்தால் வெள்ளி இல்லை, இது எல்லாருக்கும் தெரியும். பிடிக்காவிட்டால் வெள்ளி என்று அர்த்தமாகாது, செம்பும் ஈயமும் ஜெர்மன் சில்வரும் காந்தத்துக்கு ஒட்டாது. சுண்டினால் கணீர் என்று ஒலிக்க வேண்டும் என்பார்கள், என் காதுக்கு எல்லாம் கணீர்தான். உரைகல்லும் அமிலமும் சரியாகச் சொல்லும், காசில் காயம் விழும். சேர் கையில் எடுத்தது நகைக்கடைகளில் உள்ள மாதிரியான, கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு.

முதலில் காசைக் காய்ந்தபடி நிறுத்தார், 11.58. கொஞ்சம் தேய்ந்த காசு. பிறகு தராசில் ஒரு சின்னக் குவளைத் தண்ணீரை வைத்து, அதைச் சைபருக்குக் கொண்டுவந்தார். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக அமிழும்படி, அடியிலோ பக்கத்திலோ தொடாமல் தொங்கவிட்டார். தராசு 1.12 காட்டியது. 11.58ஐ 1.12ஆல் பிரித்தால் 10.3. தூய வெள்ளியின் அடர்த்தி 10.49, பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளிக்கு 10.3 அளவில் வரும். அதே சோதனையை 1943 காசுக்குச் செய்தபோது பிரித்து வந்தது 9.5. அது அரைவெள்ளியின் எண். 8.9க்குக் கிட்ட வந்தால் செம்பும் நிக்கலும், வெள்ளி என்ற பேச்சே வேண்டாம். நூலில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் கணக்குப் பிழைக்கும், ஒருமுறை தட்டிவிட்டு நிறுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது மகன் கண்டதையெல்லாம் நூலில் கட்டித் தொங்கவிடுகிறான். என் தோடுகூடத் தப்பவில்லை.

இந்தச் சோதனையில் ஒரு அரைக்கிரவுண் அகப்பட்டது. பார்வைக்கு நல்ல வெள்ளி, ஆண்டு 1916, எடை ஒன்றரைக் கிராம் குறைவு, அடர்த்தி எட்டுச் சொச்சம். யாரோ ஒரு கப்பல்காரன் அம்மப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். எண்பது வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

விலைக்கு வருவோம். ஒரு காசுக்கு இரண்டு விலை உண்டு: வெள்ளியாக ஒன்று, காசாக ஒன்று. வெள்ளி விலை சின்னக் கணக்கு. முழுவெள்ளி ரூபாவில் தூய வெள்ளி 10.69 கிராம், அரைவெள்ளி ரூபாவில் 5.83. வெள்ளி கிராம் 300 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் முதலாவது 3,207, இரண்டாவது 1,749. உலகச் சந்தையில் வெள்ளியை அவுன்ஸில் சொல்வார்கள், அந்த அவுன்ஸ் 31.1 கிராம். அன்றைய விலையை அதால் பிரித்து, ரூபாவுக்கு மாற்றி, ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டுதான் கடைக்குள் கால்வைக்க வேண்டும். வாங்குகிறவர் கொஞ்சம் குறைத்துத்தான் எடுப்பார், அவருக்கும் உருக்குச் செலவும் லாபமும் உண்டு. நான் இப்போது முதலில் கேட்பது "என்ன விலை?" என்று இல்லை, "என்ன மாற்றுக்குக் கணக்குப் பாக்கிறீங்கள்?" என்று. அந்த ஒரு கேள்விக்கே பேச்சின் தொனி மாறிவிடும். வகைவகையாகப் பிரித்துத் தனித்தனியாக நிறுக்கச் சொல்கிறேன். அரத்தை எடுத்தால் காசைத் திருப்பி வாங்கிவிடுகிறேன்.

காசாக விலை என்பது ஆண்டையும், அக்கசாலைக் குறியையும் (காசு எங்கே அடித்தது என்ற அடையாளம்), நிலையையும் பொறுத்தது. ஐந்தாம் ஜோர்ஜ் ரூபாவின் பின்பக்க அடியில் உள்ள பூவுக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. யுத்தகாலக் காசில் ஆங்கில 'எல்' எழுத்து இருந்தால் லாகூர். சில ஆண்டில் ஒரு அக்கசாலைக் காசு மலிவு, மற்றது அருமை. நிலை என்று பார்த்தால், எங்கள் காசில் முக்கால்வாசி தேய்ந்தவை. காது வைத்தவை வேறு நாலைந்து, குழந்தைகளின் அரைஞாணில் கோக்க வளையம் ஒட்டியிருந்ததைப் பிறகு கழற்றியிருக்கிறார்கள். விளிம்பில் ஈயப்பொட்டு இருந்தால் சேர்ப்பவர் தொடமாட்டார். அவை வெள்ளி விலைக்கு. கடைசியில் எழுபத்திரண்டு காசில் காசாக விலைபோகக்கூடியவை என்று சேர் ஒதுக்கியது ஒன்பது. அந்த ஒன்பதையும் நான் விற்கவில்லை.

இந்தச் செய்தி வீட்டைவிட்டு வெளியே போனதும் ஆலோசனைகள் குவிந்தன. மச்சான் ஒருவர் வட்சப்பில் படம் அனுப்பினார்: ராமர் பட்டாபிஷேகம், 1818, கம்பனியின் அரை அணா, கோடிக்கணக்கில் விலை, அரிசியை இழுக்குமாம். கம்பனி அப்படி ஒரு அரை அணாவை வெளியிட்டதே இல்லை, அது கோயில் வாசல்களில் விற்ற வில்லை. அரிசியை இழுக்கிற காசு உலகத்தில் இல்லை. முன்பணம் கேட்கிற ஆட்கள்தான் இருக்கிறார்கள். மச்சானுக்கு இதைச் சொன்னதில் அவருக்கு என்மேல் கொஞ்சம் கோபம்.

கனடாவில் இருக்கிற சின்ன மாமாவின் மகள் ஒரு உருப்படியான யோசனை சொன்னாள்: "அக்கா, எல்லாத்தையும் எனக்கு அனுப்புங்கோ, இங்க நல்ல விலை." அதில்தான் தகரத்தின் அடியில் கிடந்த கடைசிச் சாமான் கணக்குக்கு வந்தது.

அது வெள்ளியே இல்லை. தடித்த, வட்டமும் இல்லாத சதுரமும் இல்லாத ஒரு செம்புக் கட்டி. அம்மா சின்ன வயதில் கோட்டையடிக் கடற்கரையில் கெந்தித் தொட்டு விளையாட அதைத்தான் சில்லாகப் போடுவாராம். நான் அதை முதல் நாளே வேறாக எறிந்திருந்தேன். சேர் அதை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பி நெடுநேரம் பார்த்தார். ஒரு பக்கத்தில் ஒல்லாந்தர் கம்பனியின் மூன்று எழுத்துப் பின்னல், அதன் தலைக்கு மேலே ஆங்கில 'ரீ' (T) எழுத்து. மறுபக்கம் மதிப்பும், 17 என்று தொடங்கித் தேய்ந்துபோன ஆண்டும். ஒல்லாந்தர் தங்கள் கடைசிக் காலத்தில் இலங்கையில் நான்கு இடத்தில் இப்படி ஸ்டைவர் என்ற செம்புக் காசு அடித்தார்களாம். கொழும்புக்கு 'சி', காலிக்கு 'ஜி', யாழ்ப்பாணத்துக்கு 'ஐ', இந்த ஊருக்கு 'ரீ'. தகரத்தில் இருந்த எழுபத்திரண்டு வெள்ளியும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் லண்டனிலும் இருந்து வந்தவை. இது இங்கே அடித்தது.

அதை அனுப்ப முடியாது என்று தங்கச்சிக்குச் சொல்லிவிட்டேன். தொல்பொருட் சட்டம் 1940இலிருந்து இருக்கிறது. 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள் தொல்பொருள் என்று கணக்கு, தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ அந்தக் காலத்துக் காசு கிடைத்தால் அது அரசுக்கு உரியது, கண்டவர் அறிவிக்க வேண்டும். மீன்பிடிக்கிற ஆட்கள் வலையில் வந்தது என்று ஏதாவது கட்டியைக் கொண்டுவந்து காட்டினால் நான் இதைத்தான் சொல்கிறேன். அம்மம்மா தன் காசைத் தானே புதைத்துத் தானே கிண்டியெடுத்தது வேறு கதை. விக்டோரியா ரூபாவுக்கு இந்தத் திகதிச் சிக்கலும் இல்லை.

அன்று பின்னேரம் அந்தச் செம்பைக் கடதாசியில் மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அட, என்ர சில்லு. சரியாக் கறுத்துப் போச்சு. கொஞ்சம் பழப்புளி..."

றங்குப்பெட்டிச் சாவி இப்போது என்னிடம்தான் இருக்கிறது.